மல்லி அளவுப் புள்ளி

எதிர்வீட்டு டெய்லர் அக்காவிடம் யார் என்ன யோசனை சொன்னாலும் "நல்லாருக்கு" என்றோ "சரிப்படாது" என்றோ பதில் வராது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து முழுவதையும் கேட்பாள். சொல்லி முடித்ததும், "சரி. வேற?" என்பாள். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசியதெல்லாம் எங்கே போயிற்று என்று தோன்றும். பழகிய பிறகுதான் புரிந்தது. நான் சொன்னதை அவள் தள்ளிவிடவில்லை. அதையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுத்ததைக் கேட்கிறாள். ஒரு வழி அடைபட்டுப் போனால் அங்கே நின்று வருத்தப்பட அவளுக்கு நேரமில்லை.

கல்யாணமாகி நான் சங்கரன்கோவிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைக்குழந்தை வேறு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த சான்றிதழ் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. அது எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பழைய காலிங் பெல் ஒன்றை முந்தானையில் பொதிந்துகொண்டு வந்து நின்றாள். டிங் டாங் என்று அடிக்குமே, அந்த மாதிரி பெல்.

"ஏட்டி, நீ கரண்டுக்குப் படிச்சவளாமே?"

"கரண்டு இல்லக்கா. எலக்ட்ரானிக்ஸ்."

"ரெண்டுலயும் கரண்டுதான ஓடுது?"

பெல்லின் மூடியை அவளே கழற்றி வைத்திருந்தாள். உள்ளே செம்புக்கம்பிச் சுருள். அதன் நடுவில் ஓர் இரும்புக் குச்சி. சுவிட்சைப் போட்டால் குச்சி பாய்ந்து போய்த் தகட்டில் முட்டும். அந்தக் குச்சியை விரலால் தள்ளிக் காட்டினாள்.

"இது தகட்டுல முட்டாம காகிதத்துல முட்டுனா புள்ளி விழுமா? விழுந்த புள்ளி தடவுனா தெரியுமா?"

ஏதோ எம்பிராய்டரி டிசைனுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்து, "எதுக்குக்கா?" என்றேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு முப்பது வருடம் எழுதியவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். சர்க்கரை நோய் முதலில் கண்ணைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பின்னால் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. காதுக்கு மெஷின் வைத்தும் பலனில்லை. நரம்பு போகிறது, எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார்.

"பார்வையில்லாதவங்க தடவிப் படிக்க எழுத்து இருக்குல்லா, பிரெய்லு. பாளையங்கோட்டையிலேருந்து ஒரு சாரு சனிக்கிழம சனிக்கிழம வந்து சொல்லிக் குடுக்காரு. அவரு கொண்டாந்த புஸ்தகத்துல புள்ளியெல்லாம் கடுகு மாதிரி பொடிசு. இவருக்கு வெரலும் மரத்துப் போச்சுட்டி. தடவிப் பாத்துட்டு, 'வெறும் தாளத் தந்துருக்கியே'ங்காரு. கடுகு பத்தாது. மல்லி அளவு வேணும். அப்படி ஒரு மிஷினு ஊரு ஒலகத்துல கெடையாதாம். காது இருக்க வரைக்கும்தான் சாரு சொல்லிக் குடுக்க முடியும். அதுக்குள்ள நாம செய்யணும்."

'நாம' என்றாள். என்னிடம் அவள் சம்மதம் கேட்கவே இல்லை.

மெஷின் யோசனைக்கு முன்னால் அவள் முயன்ற வழிகளை ஒவ்வொன்றாகக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டிக்கர் பொட்டை அட்டையில் ஒட்டிப் பார்த்திருக்கிறாள். அண்ணாச்சியின் விரல் வியர்வையில் பொட்டுகள் இடம்பெயர்ந்து, ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிவிட்டது. உளுந்தைக் கோந்து வைத்து ஒட்டியிருக்கிறாள். அதை எலி தின்றுவிட்டது. "அ, ஆ, இ, ஈ நாலையும் தின்னுட்டு உ-வ மட்டும் விட்டு வச்சிருக்கு" என்றாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல். கடைசியில் காடாத் துணியில் தடித்த நூலால் முடிச்சு முடிச்சாகப் போட்டு எழுத்துகள் முழுவதையும் தைத்துவிட்டாள். அண்ணாச்சி எழுத்துப் படித்தது அந்தத் துணியில்தான். தைத்துத் தைத்து அவளுக்கும் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு வரி தைக்க ஒரு மத்தியானம் போய்விடும். கையால் ஊசி வைத்துக் குத்தலாம் என்றால், இருபது வருடம் கத்தரி பிடித்த மணிக்கட்டு. தடித்த அட்டையில் பத்துப் புள்ளி குத்துவதற்குள் வீங்கிவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை அண்ணாச்சியிடமே கேட்டேன். அப்போது காதருகே குனிந்து கத்தினால் கேட்கும்.

"உள்ளங்கையில வெரலால எழுதிக் காட்டுனா போதாதா அண்ணாச்சி?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "கையில எழுதுனா அது இவ சொல்லுதது. படிக்கது வேறம்மா. இவ எந்திரிச்சுப் போன பொறவும் அது எங்கிட்ட இருக்கும்."

அக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கத்தரி மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் குழந்தை தூங்கும் நேரத்தில் அவள் வீட்டில்தான் இருந்தேன். தையல் சாக்குக்கட்டியால் எதில் வேண்டுமானாலும் படம் போடுவாள். தரையில், தையல் மெஷின் பலகையில், இஸ்திரி மேஜை விரிப்பில். பிரெய்லில் ஓர் எழுத்துக்கு ஆறு இடம். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. எந்தெந்த இடத்தில் புள்ளி எழும்புகிறது என்பதைப் பொறுத்து எழுத்து மாறும். ஆறு இடத்துக்கும் ஆறு குச்சி, ஆறு பெல் சுருள், ஆறு சுவிட்ச் என்று முதலில் வரைந்தோம். சுருள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். அவற்றை ஓர் எழுத்து அகலத்துக்குள் எப்படி நெருக்குவது?

"சுருள தள்ளி வச்சுட்டு, அங்கேருந்து சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி இழுத்துட்டு வரலாம்க்கா."

"சரி. வேற?"

"ஒரு சக்கரம். சுத்தி எழுத்தெல்லாம் இருக்கும். வேணுங்கத திருப்பி அமுக்கணும்."

"சரி. வேற?"

ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருத்தி கல்யாண ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலறினாள். உள்துணி முழுக்க ஆறு குச்சியும் பிரேக் கம்பியும். "தேச்சா போயிரும்மா, தேச்சா போயிரும்" என்று அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். தேய்ப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, அந்தப் படத்தை அப்படியே ஒரு தாளில் பார்த்து வரையச் சொன்னாள். ஜாக்கெட்டுக்காரி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

மெஷினைச் செய்வதற்கு முன்னால் புள்ளியின் உயரத்தைச் சோதிக்க ஆணியை மழுக்கி, செருப்பு ரப்பர் மேல் அட்டையை வைத்து, சுத்தியலால் ஒரு எழுத்து அடித்தோம். 'இ' எழுத்து. அட்டையைத் திருப்பி, புடைத்த பக்கத்தை அண்ணாச்சியின் கையில் கொடுத்தாள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "ஏ" என்றார்.

"என்ன வேணும்? தண்ணியா?" என்று அக்கா எழுந்தாள்.

"ஏ" என்றார் மறுபடியும்.

"இங்கனதான் இருக்கேன், சொல்லுங்க!"

"உன்னக் கூப்பிடலட்டி. எழுத்து ஏ-ன்னு சொல்லுதேன்."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. விரல் சுத்தமாக மரத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். எனக்குத்தான் பொறி தட்டியது. பின்னாலிருந்து குத்தித் திருப்பினால் இடது வலதாகிவிடும். கண்ணாடியில் பார்ப்பதுபோல. 'இ'யைத் திருப்பிப் போட்டால் அந்த எழுத்தில் 'ஏ'தான். அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். மல்லி அளவு இருந்தால் அவர் விரலுக்குத் தெரிகிறது! நான் அதைச் சொன்னதும் அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். வலி இரண்டு நாள் இருந்தது.

ஆனால் சுருள்கள் கைவிட்டன. காகிதத்தில் குத்தும், அட்டையில் லேசான பள்ளம்தான் விழும். கரண்டைக் கூட்டினால் சுருள் சூடாகி வார்னிஷ் கருகும் நாற்றம் வரும். மூன்று சுருள் எரிந்தன. தெருவில் யார் வீட்டுப் பழைய பெல்லும் மிச்சமில்லை. ஒரு நாள் அவள் 'வேற?' என்று கேட்டபோது என்னிடம் எதுவும் இல்லை. படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆடி மாதம் பிறந்தது. அம்மா வீட்டுக்கு வாசுதேவநல்லூர் போக வேண்டும். புதிய சுவிட்ச் பலகையில் கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டிக் கொடுக்க வேண்டியது பாக்கி.

"வந்து பாக்கேன்க்கா. பத்து நாள்தான்."

"சரிட்டி" என்றாள். அன்று 'வேற?' என்று கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தேன். கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. எங்கேயோ போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். குழந்தையை இறக்கிவிடுவதற்குள் அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து தட்டும் சத்தம் வந்தது. தட்டல் இல்லை, அறைதல். "யாராவது இருக்கியளா? ஏ, யாராவது இருக்கியளா?"

நடந்ததை என் மாமியார் சொன்னார். நான் போன நாலாம் நாள் காலையில் அண்ணாச்சி, "என்ன இன்னைக்கு இவ்வளவு நேரமா கரண்டு இல்ல?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த தெருவில் விசைத்தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. இந்த ஊரில் காலையிலிருந்து அந்தத் தடதட சத்தம்தான். அது அவருக்கு நின்றுபோயிருந்தது. மறுநாள் அக்கா தைத்ததைக் கொடுக்கப் போயிருந்த நேரம், அவளைத் தேடித் தெருவில் இறங்கிவிட்டார். தபசு பார்க்க வந்த கூட்டம். நடுரோட்டில் நின்றவரை நாலு பேர் நல்ல மனதோடு கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பிடிப்பது யார், எங்கே இழுக்கிறார்கள், எதுவும் தெரியாது அவருக்கு. "விடுங்கலே, விடுங்கலே" என்று கத்தி, ஒருவன் கையைக் கடித்துவிட்டார். அடையாளம் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கி வந்து போட்டிருக்கிறார். அதிலிருந்துதான் பூட்டு.

அக்கா வந்ததும் ஓடினேன். அவள் பூட்டைத் திறந்தாள். அண்ணாச்சி கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். விரல் கணுவெல்லாம் தோலுரிந்து ரத்தம். அவள் அவர் கையை எடுத்து, உள்ளங்கையில் என்னவோ எழுதினாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"பூட்டாதீங்கக்கா. பாவமா இருக்கு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"பூட்டாம வேற என்னட்டி செய்ய? நீ சொல்லு. நான் வெளிய போவாம இருந்தா அடுப்பு எரியாது. 'கடைக்குப் போறேன், வந்துருவேன்'னு கையில எழுதிட்டுத்தான் போறேன். கொஞ்ச நேரந்தான் நெனப்புல நிக்கி. பொறவு நான் சொன்னேனா, தான் கனாக் கண்டாரான்னு அவருக்கே தெரியல. அவருக்கு ஒரு மணி நேரம் எது, ஒரு நாள் எது? படிக்க வெரலு வேணும்னு ஓடுனோம். அந்த வெரல வச்சுத்தான் கதவ இடிக்காரு."

பத்து நாளில் முடிக்க வேண்டிய ஈயப் பற்றை நான் முடித்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. சுருளுக்கு வலு இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் இல்லாமல் போன பத்து நாள் அது.

வழி அன்றைக்கே வந்தது. வந்தது அவளிடமிருந்துதான். காயத்துக்கு மருந்து போட்டு அவரைப் படுக்க வைத்துவிட்டு, ஒரு அவசர ஜாக்கெட்டை எடுத்து மோட்டார் மெஷினில் உட்கார்ந்தாள். தடித்த பட்டை மடிப்பு. ஊசி அதைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. காலை எடுத்துவிட்டு அந்த ஊசியையே பார்த்தாள்.

"ஏட்டி. இதுக்கு இருக்க வலு ஆறு பெல்லுக்கும் கெடையாது."

"ஆனா இது நிக்காம குத்துமேக்கா. நமக்கு ஒரு குத்து போதும்."

"அதான் சொல்லுதேன். பெல்லு குத்தாண்டாம். சக்கரத்த ஒரு கொக்கி புடிச்சு நிறுத்தட்டும். பெல்லு அந்தக் கொக்கிய மட்டும் இழுத்து விடட்டும். குத்துறத மிஷினு குத்தட்டும்."

ஆறு குச்சியும் பிரேக் கம்பியும் எழுத்துச் சக்கரமும் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டன. ஒரே ஊசி. மழுங்கிய ஊசி. பொத்தானை அமுக்கினால் சுருள் ஒரு கொக்கியை விலக்கும். மெஷின் சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு புள்ளி வைத்துவிட்டு நிற்கும். கொக்கிக்காகச் சாக்குக்கட்டியால் படம் போட்ட துணியை எடுத்துக்கொண்டு தறிப்பட்டறைக்குப் போனாள். தறி மெக்கானிக் ஒருவர் அந்தத் துணியை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு அராவிக் கொடுத்தார். அட்டையை அளவாக நகர்த்த இரண்டு சீப்பு. ஒன்றைக் குறுக்கேயும் ஒன்றை நெடுக்கேயும் சட்டத்தில் ஒட்டி, இரண்டு பல்லுக்கு ஒரு புள்ளி என்று வைத்தோம். பொத்தானும் அடாப்டரும் என் வேலை. நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அவள் வெளியே போகும்போதெல்லாம் கதவு பூட்டித்தான் இருந்தது. நான் குழந்தையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே ஈயம் வைத்தேன். எதிரே அறைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த மெஷினால் அவர்கள் வாழ்வு மலர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாரம் ஒரு முறையாவது கொக்கி சிக்கும். பத்து எழுத்துக்கு ஓர் அட்டை, ஒரு பக்கம் பேச்சுக்கு ஒரு கட்டு அட்டை. கல்யாணப் பத்திரிகை தடிமன்தான் சரியாக இருந்ததால் ஊர்ப் பத்திரிகைகளெல்லாம் அவள் வீட்டுக்குப் போயின. அண்ணாச்சி தடவித் தடவியே புள்ளிகள் அமுங்கிப் போகும். திரும்ப அடிக்க வேண்டும். விரலின் மரப்பு மேலே ஏறிக்கொண்டேதான் இருந்தது. இரண்டு வருடம் அவர் அப்படிப் படித்தார். அப்புறம் சிறுநீரகமும் போய், இறந்துவிட்டார். அதற்குள் நாங்கள் மதுரைக்கு மாறிவிட்டோம். அக்காவைப் பற்றி நினைக்கும்போது அந்தக் கடைசியெல்லாம் எனக்கு வருவதில்லை. வருவது முதல் அட்டை கொடுத்த நாள்தான்.

காலை பத்து மணி இருக்கும். மூன்று அட்டைகளை இடவலம் மாற்றி அவளே அடித்து, நூலில் கோத்து முடித்திருந்தாள். குழந்தை அழுததால் நான் கூட இல்லை, என் வீட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையை அண்ணாச்சியின் மடியில் வைத்து, அவர் விரலை முதல் புள்ளியில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை விரியத் திறந்து விட்டாள். பூட்டைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, நீ இங்கனயே நில்லு. பக்கத்துல போயி அவரத் தொட்டுராத. பயந்துருவாரு. ரோட்டுக்கு எறங்குனா மட்டும் புடி."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"கடைக்குப் போறேன். வந்துருவேன். கதவு தெறந்துருக்கு."

"கதவு திறந்திருக்குன்னு எதுக்குக்கா சொன்னீங்க? வெளிய வந்துட்டாருன்னா?"

"அடைச்சு வச்சிருக்கேன்னு நெனச்சுத்தான இடிக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நடையா அது, ஓட்டம்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஆள்காட்டி விரல் புள்ளி மேல் போயிற்று. பின்னால் வந்தது. மறுபடி போயிற்று. உதடு அசைந்தது. முதல் அட்டைக்கே கால் மணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாவது அட்டையில் விரல் நின்றது. எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கதவு இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தார். காற்றுதான் இருந்தது. கையை இன்னும் நீட்டினார். ஒரு கால் படியில் இறங்கியது. நான் என் படியிலிருந்து இறங்கிவிட்டேன். தெருவில் ஒரு பால் வண்டி போயிற்று.

அவர் அப்படியே நின்றார். முகத்தில் வெயில் விழுந்தது. பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டார். பின்பக்கமாகவே தடவிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அக்கா தெருமுனையில் திரும்பியதும் கையாலேயே 'என்ன?' என்று கேட்டாள். நானும் கையாலேயே 'உள்ளேதான்' என்றேன். ஓடி உள்ளே போய் அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் அவள் கையைத் தடவி வளையலைத் தெரிந்துகொண்டார். தன் குரல் தனக்கே கேட்காத மனிதர். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"ஏட்டி! திறந்திருக்குன்னு எழுதும்போது பெரிய 'ற' போடணும்! நீ சின்ன 'ர' போட்டு வச்சிருக்க!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, காயம் ஆறாத அந்தக் கையைத் திருப்பி, உள்ளங்கையில் விரலால் 'ற' என்று எழுதினாள். அவர் "ம்" என்றார். மறுபடியும் எழுதினாள். அவர் மறுபடியும் "ம்" என்றார்.